பங்காளி வயலைக் காட்டலாமா?

அடுத்தவருக்குப் பிரசன்டேஷன் தயாரித்துக் கொடுக்கிற வேலை, கல்யாண வீட்டில் மைக் செட் போடுகிற வேலை மாதிரி. நன்றாக இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கரகரத்தால் மொத்தக் கூட்டமும் நம்மைத்தான் பார்க்கும். உங்கள் ஆபீசிலும் யாராவது மேஜையோரம் வந்து நின்று, "சின்ன வேலைதான் மேடம், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டுப் போகிறார்கள் என்றால், நீங்கள் எனக்குச் சொந்தம். மேலே படியுங்கள்.

பெரம்பலூரில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் கிளையில் நான் இருக்கிறேன். உரக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். எங்கள் விற்பனையாளர்கள் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் ஊர் ஊராகப் போய், விவசாயிகளிடம் கம்பெனி கொடுத்த டேப்லெட்டைத் திறந்து பிரசன்டேஷன் காட்டுவார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'படம்'. பயிரும் மண்ணும் கிணறும் ஆளுக்கு ஆள் மாறுவதால் படமும் மாற வேண்டும். மாற்றிக் கொடுப்பது நான். வீடு அரியலூரில். காலையில் அங்கே பஸ் ஏறும்போதே போன் அடிக்க ஆரம்பிக்கும். ஒருவருக்குச் சின்ன வெங்காயப் படம், இன்னொருவருக்கு மக்காச்சோளப் படம், மற்றொருவருக்கு நேற்றைய படத்திலேயே பெயரை மட்டும் மாற்றினால் போதும். பஸ்ஸிலேயே போனில் மாற்றி அனுப்பிவிட்டு இறங்கும்போது கண்ணும் கழுத்தும் ஓய்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் முடிவு கட்ட, கோவையிலிருக்கும் எங்கள் மேலாளர் சந்திரசேகர் சார் ஒரு யோசனை சொன்னார். விற்பனையாளர்கள் தாங்களே படம் போட்டுக்கொள்ளும்படி ஒரு செயலியை நான் வடிவமைக்க வேண்டும். நான் சொல்கிறபடி அதைக் கம்ப்யூட்டரில் எழுதித் தர கோவையில் ஒரு பெண் இருப்பாள். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். தை பிறப்பதற்குள் எல்லா விற்பனையாளர்களும் செயலியில் தாங்களே படம் போட்டால், நான் பெரம்பலூரிலேயே இருந்து அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் போடாவிட்டாலும், எல்லா மாவட்டப் படங்களையும் கோவையில் ஒரே அறையில் உட்கார்ந்து தயாரிப்பார்கள். அந்த அறையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு.

என் கணவருக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. மகள் பத்தாம் வகுப்பு. நான் கோவைக்குப் போனால், அவர் இரவு ஷிப்ட் போகிற வாரமெல்லாம் அவள் வீட்டில் தனியாக இருக்க வேண்டும். போகமாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடும்; இந்த ஊரில் எனக்குத் தெரிந்த வேலைக்கு வேறு ஆபீஸ் கிடையாது. ஆகவே நான் செயலி வடிவமைத்தது தொழில்நுட்ப ஆர்வத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயத்தில்தான் வடிவமைத்தேன்.

கேள்வி மேல் கேள்வி

முதலில் செய்த செயலியில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் போட்டுவிட்டேன். பயிர் என்ன, ஏக்கர் எவ்வளவு, மண் எப்படி, கிணறா போரா, ஆழம் என்ன, மோட்டார் எவ்வளவு சக்தி, வாய்க்கால் எந்தப் பக்கம், வரிசைக்கு வரிசை இடைவெளி எவ்வளவு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் படம் வரும். என் மேஜையில் உட்கார்ந்து பார்த்தபோது அருமையாக இருந்தது. எந்தச் செயலியும் வடிவமைத்தவர் மேஜையில் அருமையாகத்தான் இருக்கும்.

எங்கள் விற்பனையாளர்களில் சுறுசுறுப்பானவர் சாதிக். லப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர்தான் முதலில் அதை எடுத்துக்கொண்டு போனார். மக்காச்சோளக் கொல்லையில் நின்றபடி ஒரு பெரியவரிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டிருக்கிறார். பெரியவர் மோட்டார் வரைக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். வாய்க்காலுக்கு வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஏந் தம்பி, நீ பைப்பு விக்க வந்தியா, எங்க வூட்டுல பொண்ணு கேட்டு வந்தியா?"

மலையடிவாரத்து வயல்

கேள்விகளைக் குறைத்தேன். ஊர், பயிர், ஏக்கர், அவ்வளவுதான். உள்ளே வைக்கிற வயல் போட்டோக்களைக் கோவையிலிருந்து அனுப்பினார்கள். முதல் படமே கண்ணைப் பறித்தது. பின்னால் நீல மலை, நடுவில் தென்னை, முன்னால் பளபளவென்று பச்சை வயல், ஓரத்தில் ஒரு நீரோடை. வயலுக்குள் எங்கள் கம்பெனிப் பைப் எங்கோ ஒரு மூலையில் கருப்புக் கோடாகத் தெரிந்தது.

பெரம்பலூருக்கு வடக்கே பருத்தி விளையும் ஒரு ஊரில் விவசாயிகளைக் கூட்டி உட்கார வைத்திருந்தார் சாதிக். நானும் போயிருந்தேன். அந்தப் படம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பைப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இது எந்த ஊர், யார் நிலம், இந்த மண் நம் கரிசல் மாதிரி இல்லையே, ஓடை வருஷம் பூரா ஓடுமா என்றுதான் கேட்டார்கள். பேச்சைப் பைப்புக்குத் திருப்பப் பார்த்தார் சாதிக். முன்வரிசையில் இருந்தவர் விடவில்லை. "அந்த ஓடை என் கொல்லையில ஓடுனா, ஒங்க சொட்டுநீரு எனக்கு எதுக்குங்க?"

அன்றைக்கே கோவைப் படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். எங்களிடம் ஏற்கனவே வாங்கிய விவசாயிகளின் வயல்களை, அவர்களைக் கேட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தோம். ஊர் பெயரை அழுத்தினால், பக்கத்திலேயே எங்கள் பைப் போட்டிருக்கும் ஒருவருடைய வயல் பெயரோடு வரும்படி செய்தோம். விற்பனை ஏறியது. நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று நினைத்தேன். எவ்வளவு தூரத்துக்குப் புத்திசாலித்தனம் என்பது பின்னால் தெரிந்தது.

கலியபெருமாள் அண்ணன்

மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செயலிக்கு வந்துவிட்டார்கள். வராதவர் கலியபெருமாள் ஒருவர். உடையார்பாளையம் பக்கத்துக்காரர், ஆபீசில் எல்லோருக்கும் அண்ணன். விற்பனையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. டேப்பை மட்டும் கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ஒரு நாள் சார்ஜ் இல்லை என்பார், ஒரு நாள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பார், ஜெயங்கொண்டம் தாண்டினால் சிக்னலே கிடையாது என்று சாதிப்பார். கடைசியில் பழையபடி என் மேஜைக்கு வந்து நிற்பார். கையில் ஒரு பொட்டலம் வறுத்த முந்திரி இருக்கும்.

கோவையில் ஒரு திரையில் எந்தப் படத்தை யார் போட்டார்கள் என்று வரும். கலியபெருமாள் அண்ணன் காட்டிய படம் ஒவ்வொன்றுக்கும் நேராக என் பெயர்தான் வந்தது. சந்திரசேகர் சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒரு நாள் முந்திரியை அண்ணன் பக்கமே தள்ளி வைத்துவிட்டு, இனிமேல் நான் போட்டுத் தரமாட்டேன், நீங்களே போட்டுப் பழகுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் வருத்தப்படவே இல்லை. சிரித்தார். "சமையலுக்கு நல்ல ஆளா வச்சிட்டு, பொண்ணூட்டுக்காரரே கரண்டியப் புடிப்பாங்களா மேடம்?"

பெயர் போட்ட முதல் பக்கம்

இடையில் ஒரு சின்ன அலங்காரம் செய்தேன். வாங்குகிறவருக்கென்றே தயாரித்தது என்று தெரிய வேண்டுமல்லவா? அதனால் படத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில், சுற்றிலும் பூ வேலை செய்து போடும்படி வைத்தேன். குன்னம் பக்கம் ஒருவர் தன் பெயரைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்கே நகர மறுத்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். சாதிக் மெல்ல ஆர்டரைப் பற்றிக் கேட்டபோது, "இந்தப் பக்கத்த மட்டும் பெருசா பிரிண்டு போட்டுக் குடுங்க தம்பி, மாட்டிக்கிறேன்; பைப்ப அறுவடைக்கப்பறம் பாப்போம்" என்றார்.

ஆலத்தியூரில் நடந்தது வேறு. அங்கே ஒரு அம்மா. அவருடைய வீட்டுக்காரர் ஆலை வேலைக்குப் போகிறவர். நிலம் அவர் பெயரில். விவசாயம் முழுக்க அந்த அம்மாதான். சாதிக் பத்திரத்தில் உள்ளபடி வீட்டுக்காரர் பெயரைப் போட்டுக்கொண்டு போனார். அந்த அம்மா பூ வேலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அவரு பேரப் போட்டா அவருகிட்டயே வித்துக்குங்க. அவருக்கு நம்ம கொல்ல எந்தப் பக்கம்னு தெரியுதான்னு மொதல்ல கேளுங்க."

அன்று முதல் செயலியில், நிலம் யார் பெயரில் என்று கேட்பதில்லை. தண்ணீர் பாய்ச்சுவது யார் என்று கேட்கிறது.

உள்ளதைச் சொன்னேன்

மார்கழி வந்துவிட்டது. கலியபெருமாள் அண்ணன் இன்னும் ஒரு படம்கூடப் போடவில்லை. வீட்டில் மகள் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, கேஸ் சிலிண்டரை மூடித் திறக்க அப்பாவிடம் கற்றுக்கொண்டிருந்தாள். நான் போய்விடுவேன் என்று அவளே முடிவு செய்துவிட்டாள் என்று புரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் கலியபெருமாள் அண்ணனைப் பிடித்து உட்கார வைத்து, கோவை, நாற்காலி, ஷிப்ட், மகள், சிலிண்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடி இத்தனை நாளும் அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது. "என்ன மேடம், இத மொதல்லயே சொல்லக் கூடாதா? கம்பெனிக்காகத்தான் இப்படித் தொல்ல பண்றீங்கன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

கீழப்பழுவூர்

அவரே போட்ட முதல் படம் கீழப்பழுவூருக்கு. ஊரை அழுத்தினார், பயிரை அழுத்தினார், ஏக்கரைப் போட்டார். படம் தயார் என்று வந்தது. திருப்பிப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய், விவசாயியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திறந்திருக்கிறார். முதல் பக்கத்தில் பெயர். இரண்டாவது பக்கத்தில் பக்கத்து வயல், வயல்காரர் பெயரோடு.

அந்த வயல்காரர் இந்த விவசாயியின் பங்காளி. வரப்புத் தகராறில் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்கள். நான் இதை யோசிக்கவே இல்லை. நம் ஊர்களில் பக்கத்து வயல் என்றால் அது யாருடையது? அப்பன் காலத்தில் ஒன்றாக இருந்த நிலம்தானே பாகம் பிரித்து இரண்டாகிறது? ஆக, நிலம் எவ்வளவு பக்கமோ ஆள் அவ்வளவு தூரம். என் செயலியோ பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடித் தேடி, ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் பங்காளியை அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மற்ற விற்பனையாளர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஆர்டர் ஏன் நின்றது என்று தெரியாமல், விலை கட்டுப்படியாகவில்லை போல என்று எழுதியிருக்கிறார்கள்.

கீழப்பழுவூர்க்காரர் அப்படி மறைக்கிற ஆள் இல்லை. எழுந்து நின்று கத்தியதை, கலியபெருமாள் அண்ணன் எனக்குப் போனில் அப்படியே சொன்னார். "பத்து வருசமா எங்கூட்டு வாசப்படி மிதிக்காதவன, நீ பொட்டியில வச்சிக் கூடத்துக்கே கொண்டாந்துட்டியா?"

ஒரு பட்டன்

'வேறு ஆள்' என்று ஒரு பட்டன் வேண்டும். அழுத்தினால் பங்காளி வயல் போய், கொஞ்சம் தள்ளியிருக்கும் இன்னொருவர் வயல் வர வேண்டும். சந்திரசேகர் சார் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வயல்தான் நம் பலம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். வாஸ்தவம். நான்தான் சொன்னேன். பொங்கலுக்கு முன்னால் தானே நேரில் வருவதாகவும், கலியபெருமாள் தன் கண்முன்னால் ஒரு விவசாயிக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும் என்றும், அதைப் பார்த்து முடிவு சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

சாருக்குத் தெரியாமலே, செயலியை எழுதுகிற பெண்ணுக்கு போன் செய்தேன். பங்காளி என்றால் என்னவென்று விளக்க அரை மணி நேரமாகும் என்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் நிறுத்தினாள். "விடுங்க மேடம், எங்கப்பாவும் சித்தப்பாவும் ஒரே காம்பவுண்ட்ல ரெண்டு கேட் வச்சிருக்காங்க. இன்னைக்கே போட்டுத் தரேன்."

மீன்சுருட்டி

சந்திரசேகர் சார் வந்தார். மீன்சுருட்டியில் புதிதாகக் கரும்பு நடப்போகிற ஒரு விவசாயியைப் பார்க்கப் போனோம். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கலியபெருமாள் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் ஊரை அழுத்தினார், கரும்பை அழுத்தினார், பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் போட்டார். அவர் நெற்றி வியர்த்தது. எனக்கும்தான். படம் வந்தது. இந்தத் தடவை விவசாயியிடம் கொடுப்பதற்கு முன்னால் தானே புரட்டிப் பார்த்தார். பக்கத்து வயல்: ராமலிங்கம். அவர் விரல் 'வேறு ஆள்' பட்டனைத் தேடிப் போயிற்று. அதற்குள் விவசாயி எட்டிப் பார்த்துவிட்டார்.

"நில்லுங்க. அது ராமலிங்கம் கொல்லையா?"

"ஆமாங்க. அவரு ஒங்களுக்கு...?"

"பெரியப்பா மவன். பேச்சு வார்த்த கெடையாது."

போச்சு என்று நினைத்தேன். மகள் சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. கலியபெருமாள் அண்ணன் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தார். விவசாயி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். ராமலிங்கத்தின் வயலை இரண்டு விரலால் பெரிதாக்கினார். பைப் போகிற போக்கைப் பார்த்தார். கரும்பின் தடிமனைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற ராமலிங்கத்தின் புதுச் சட்டையைக்கூடப் பார்த்தார்.

"எத்தன ஏக்கருக்குப் போட்டிருக்கான்?"

"ரெண்டு ஏக்கருங்க."

டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு மூணு ஏக்கருக்குப் போடுங்க. அவன் கொல்லைக்கு என் வரப்பு மேலதான் போவணும். தெனம் பாத்துக்கிட்டே போவட்டும்."

திரும்பும்போது ரோட்டோரம் டீ குடிக்க நிறுத்தினோம். சந்திரசேகர் சார் டீயை முழுவதும் குடித்து முடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "கோவையில உங்களுக்குன்னு வச்சிருந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடறேன் வசந்தி. இந்தக் கூத்தெல்லாம் அங்க உக்காந்துட்டு எனக்குப் புரியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே நின்ற கரும்பைப் பார்ப்பது போல் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு மகளுக்கு போன் செய்து, சிலிண்டரைத் தொடாதே, நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது

கலியபெருமாள் அண்ணன் இப்போது எல்லாப் படமும் தானேதான் போடுகிறார். கோவைத் திரையில் அவர் படங்களுக்கு நேரே அவர் பெயரே வருகிறது. ஆனால் பட்டனை எப்போது அழுத்துவது, எப்போது அழுத்தாமல் விடுவது என்பதுதான் பெரிய பிரச்சினை. கீழப்பழுவூர்க்காரர் மாதிரியும் இருக்கிறார்கள், மீன்சுருட்டிக்காரர் மாதிரியும் இருக்கிறார்கள். இதற்குச் செயலியில் ஒரு வழி வைக்க நானும் கோவைப் பெண்ணும் மண்டையை உடைத்துக்கொண்டோம். முடியவில்லை. வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் படம் பிடிக்கப் போய் வந்தவள் நான்; எல்லோரும் தங்கள் பங்காளிகளைப் பற்றி ஏதாவது சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே அண்ணன் காலையில் எனக்குப் போன் செய்கிறார். அவரைப் பார்த்து சாதிக்கும், சாதிக்கைப் பார்த்து மற்றவர்களும் செய்கிறார்கள். "கோவப்படுற பங்காளியா, போட்டி போடுற பங்காளியா, அத மட்டும் சொல்லுங்க மேடம், படத்த நானே போட்டுக்கிறேன்."

பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று ஒரு செயலியை வடிவமைத்தேன். இப்போது இரண்டு மாவட்டத்துப் பாகப்பிரிவினையும் அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் என் போனில்தான் நடக்கிறது.